அது வேற, மாமா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்குச் சென்றாயன் தன்னுடைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் வரிசையாக எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தான். முதுகுக்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே ஒரு கல். கல் சரியாக வலது விலாவுக்கு நேரே வந்து உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து எறிய வேண்டுமென்றால் வெளியே ஊர்ந்து வர வேண்டும், வந்தால் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பவுன்தாய் பார்ப்பாள், பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் வாய் ஓயாதவள், செவ்வாய்க்கிழமையிலிருந்து சோற்றை வைக்கிறாள், தண்ணீரை வைக்கிறாள், போகிறாள். புருஷன் பக்கம் நியாயம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? எல்லோருக்கும் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வனராஜ் உட்கார்ந்தால் அழகு, நின்றால் அழகு. கிடக்கட்டும் கல். அவன் கையை நீட்டி வெள்ளை பேசினை இழுத்து, பின்பக்கத்துக் கிரவுனுக்கு நேர் கீழே வைத்தான். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குகிற அந்த இரும்பு உருண்டைக்குள்தான் பல்சக்கரங்கள் ஆயிலில் முங்கிச் சுழல்கின்றன. முன்பக்கம் இதே மாதிரி இன்னொன்று. நடுவில், பெரிய கியர்பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி. மூன்றிலும் ஆயில் மாற்றியாகிவிட்டது என்று ஆனி மாதக் கடைசியில் சொன்னான் மாப்பிள்ளை. மாற்றியிருந்தால் வண்டி எதற்கு ஊளையிடுகிறது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறான். பழைய ஆயில் பிடிக்கப் பின்கட்டில் தகர டின் இருக்கிறது. ஆனாலும் அடுக்களைக்குள் போய், மாவு கரைக்கிற வெள்ளை எனாமல் பேசினை எடுத்து வந்தான். வெள்ளையில்தான் கறுப்பு தெரியும். நாலு மணி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பார்க்கட்டும், அவன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போகிறேன் என்று நிற்கிறாளே தான் பெற்ற மகள், அவளும் பார்க்கட்டும்.

அது வேற, மாமா. செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளை சொன்னது அவ்வளவுதான். முந்தல் ஊர் முக்கு, கருப்பையா டீக்கடை, மலை மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் சாயங்காலம் இறக்கத்தில் வண்டி போட்ட ஊளை சென்றாயனுக்கு ராத்திரி முழுக்கக் காதுக்குள் நின்றது. முப்பது வருஷம் இந்தப் பதினேழு வளைவிலும் ஸ்டீயரிங் பிடித்தவன். முதுகு விட்டுப்போய், மூன்று வருஷத்துக்கு முன்னால் வண்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவன். உட்கார்ந்தவனுக்குக் காது மட்டும் வேலை செய்கிறது. கிரவுன் வறண்டு கத்துகிற சத்தம் அவனுக்குத் தெரியாதா? கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான், முதலில். "மாத்தினேன் மாமா" என்றான் வனராஜ். "மாத்தின வண்டியா இப்படி அழுவுது?" "அது வேற, மாமா." வேற. என்ன வேற? கேட்டதற்கு அவன் வாயைத் திறந்தான், ஜீப்பில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அந்த மூடிய வாயைப் பார்த்ததும்தான் சென்றாயனுக்குத் தலைக்கு ஏறியது. பொய் சொல்கிறவன் அப்படித்தானே வாயை மூடுவான். அதற்கப்புறம் வந்த வார்த்தைகள் சென்றாயனுடையவைதான், இல்லை என்று சொல்லவில்லை. "ஆயிலு ஊத்தாம ஊத்தினேன்னு சொல்லி, பதினாறு பொம்பளைக உசுரைக் கொண்டுபோய் மலையில வைக்கிறியாடா" என்றான். டா. பொண்ணு கொடுத்த நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசிய மாப்பிள்ளையை, தெருமுக்கில், பதினாறு பெண்கள் பார்க்க, டா. அதோடு விட்டானா, வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கினான். ஒச்சம்மா, வாய்க்குப் பூட்டில்லாத ஒச்சம்மாவே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வனராஜ் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தான். அன்றைக்குச் சாயங்காலமே சில்லமரத்துப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகத் தகவல். வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக அடுத்த தகவல். போகட்டுமே. பொய் சொன்னவன் போகட்டும். வேறயாம்.

அவன் ரிங் ஸ்பேனரை எடுத்துக் கீழ் நட்டில் மாட்டினான். மாட்டிய கை நின்றது. "மேல் நட்டை மொதல்ல திறக்கணும் மாமா. கீழ திறந்து ஆயிலை வடிச்சுட்டு, மேல திறக்க வரலைன்னா எங்கிட்டு ஊத்துவீங்க? வண்டி அங்கனயே படுத்துரும்." எப்போது சொன்னான் இதை? எப்போதோ சொன்னான். வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நேற்று வந்த பயல் எனக்கு நட்டு சொல்கிறான் என்று. அவன் சொன்னான் என்பதற்காகவே கீழ் நட்டைத் திருகிவிட வேண்டும்போல இருந்தது, ஒரு தரம் அழுத்தியும் பார்த்தான், அப்புறம் பயம் வந்தது. திறக்க வராத மேல் நட்டு, எண்ணெய் வடிந்த வண்டி, நாளைக்குக் காலையில் முக்கில் தூக்குவாளியோடு பெண்கள், மாப்பிள்ளையும் இல்லை வண்டியும் இல்லை. த்தூ. ஸ்பேனரைக் கழற்றி மேல் நட்டுக்குக் கொண்டுபோனான். அந்த நேரத்தில் இரண்டு கால்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மெட்டி, இடது கால் கட்டைவிரலில் பழைய தழும்பு. நாகஜோதி. ஏழு வயதில் இதே ஜீப்பிலிருந்து குதித்து வாங்கிய தழும்பு. ரத்தம் நிற்காமல் தூக்கிக்கொண்டு ஓடினான், யார் ஓடினார்கள், இவளுடைய புருஷனா ஓடினான்? "அப்பா, அந்தப் பச்சைப் பை எங்க?" "எனக்கென்ன தெரியும்." "மெத்தைக்கடியில வச்சிருந்தேன்." "உன் புருஷன்கிட்டக் கேளு. எல்லாந் தெரிஞ்சவரு அவருதான்." கால்கள் கொஞ்ச நேரம் நின்றன. கோபமாக நிற்கிற கால் எது, அழுகையோடு நிற்கிற கால் எது என்று முட்டிக்குக் கீழே மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு போய்விட்டன. வீட்டுக்குள் பீரோக் கதவு கிரீச்சிட்டது. பீரோவுக்கும் ஆயில் இல்லை இந்த வீட்டில்.

மேல் நட்டு ஒரே அழுத்தில் வந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. வருஷக்கணக்காகத் திறக்காத நட்டு இப்படி வராது, காலை உதைத்து, டீசல் துணியைச் சுற்றி வைத்து, நாலு கெட்ட வார்த்தை சொன்னால்தான் வரும். மரையில் வெள்ளை டேப் வேறு, சீராகச் சுற்றியிருந்தது, அழுக்குகூட ஏறவில்லை. சரி, திறந்திருக்கிறான். திறந்து பார்த்துவிட்டு, சோம்பேறித்தனப்பட்டு மூடியிருப்பான். இந்தக் காலத்துப் பயல்களுக்கு வெளியே டேப் சுற்றத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று கவலை கிடையாது. இரு, காட்டுகிறேன். அவன் கீழ் நட்டைத் தளர்த்தினான், கடைசி இரண்டு மரையை விரலால் திருகினான், பேசினை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினான். செக்போஸ்ட் வரை ஓட்டிப் போய்ச் சூடேற்றிக் கொண்டுவந்த வண்டி, சூட்டில்தான் அழுக்கு கரைந்து முழுசாக இறங்கும். நட்டு கையோடு வந்தது. ஆயில் முதலில் அவன் மணிக்கட்டில் விழுந்து, முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது, இளஞ்சூடாக. அப்புறம் பேசினில் விழுந்தது. அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். கண்ணில் வியர்வை இறங்கியிருந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தான். தேன். கொம்புத்தேன் நிறத்தில், தடிமனாக, மடிப்பு மடிப்பாக விழுந்து பரவிக்கொண்டிருந்தது. அடியில் பேசினின் நீலப்பூ தெரிந்தது. பவுன்தாய் கம்பம் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய அந்த நீலப்பூ, ஒவ்வோர் இதழும்.

இல்லை. பின்னாலுள்ளதை மட்டும் மாற்றியிருக்கிறான். ஆள் பார்த்தால் பின்னால்தானே பார்ப்பார்கள். சென்றாயன் முதுகாலேயே ஊர்ந்து முன்பக்கம் போனான், பேசினை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, ஆயில் கழுத்தில் தளும்ப. சுற்றிப் போயிருக்கலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் முன்பக்கம். ஆனால் வெளிச்சத்துக்குப் போக மனசில்லை. வண்டி ஊளையிட்டது பொய்யா? தன் காதால் கேட்டது. ஆயில் மாற்றினதற்கு அப்புறம் வந்த மழை வாரத்தில் தானே ஓட்டினானே. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுக்கையில் கிடந்தபோது, வேறு டிரைவர் வேண்டாம் என்று முதுகில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இவனேதான் மலையேறினான். அப்போதே வண்டி சரியில்லை. நாலாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது, இறக்கத்தில் ஸ்டீயரிங் சுவர் மாதிரி இறுகிக்கொண்டது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தோளைக் கொடுத்துத் திருப்பினான், முன்சக்கரம் தேய்ந்து தேய்ந்து குதித்தது. என்ன லட்சணத்தில் வண்டியை வைத்திருக்கிறான், கிரீஸ்கூட அடிக்கவில்லை என்று பதினேழு வளைவுக்கும் பதினேழு தரம் மாப்பிள்ளையைத் திட்டினான், பின்னால் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்மென்று வந்தார்கள். ஆக வண்டி அப்போதே கெட்டுவிட்டது. கெடுத்தது யார்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவன்தான். முன்பக்கக் கிரவுனின் மேல் நட்டு. வெள்ளை டேப். கீழ் நட்டு. தேன். அதே தேன், அதே மடிப்பு. சென்றாயன் கையை ஓங்கி அச்சைக் குத்தினான், வலித்தது, வலித்ததற்காக இன்னொரு தரம் குத்தினான். ஒழுங்காக மாற்றியிருந்தால் அன்றைக்கே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டியதுதானே, நட்டைத் திறந்து காட்டுகிறேன் வா என்று சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டியதுதானே. அது வேற மாமா என்று முணுமுணுத்தால் எந்தக் கிழவனுக்குப் புரியும்? ஒரு ஆண்பிள்ளைக்கு ரோஷம் வேண்டாமா?

மிச்சம் இருந்தது நடுவில் உள்ள சின்னப் பெட்டி. அதற்குப் பேசினில் இடமில்லை. கையை நீட்டித் தகர டின்னை இழுத்து வைத்தான். பெட்டியின் நட்டைக் கழற்றும்போதே வாடை வந்தது. தீய்ந்த வாடை, அடிப்பிடித்த பால் சட்டியைக் கழுவாமல் மூடி வைத்தால் வருமே, அது. ஆயில் விழவில்லை, வழிந்தது. கறுப்பாக, கூழாக, இடையிடையே மினுங்கிக்கொண்டு. இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். இரும்புப் பொடி. பல்லோடு பல் அரைத்து உதிர்ந்த பொடி. சத்தம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது, கிரவுனிலிருந்து இல்லவே இல்லை. முப்பது வருஷக் காது. ஆனால் ஆனி மாதம் ஊற்றிய ஆயில் எப்படி இப்படித் தீயும்? ஒன்றுதான் வழி. அந்த வழி அவனுக்குத் தெரியும், மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். சேற்றில் ஏறும்போது கியருக்குப் பக்கத்திலிருக்கிற சின்னக் குச்சியை முன்னால் தள்ளி நாலு சக்கரத்தையும் இழுக்க வைப்போம், தார் ரோடு வந்ததும் குச்சியைப் பின்னால் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் காய்ந்த ரோட்டில் ஓட்டினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று மல்லுக்கட்டும், உள்ளே அரைபடும், ஸ்டீயரிங் சுவர் மாதிரி

சுவர் மாதிரி இறுகும்.

ஜீப்புக்கு அடியில் காற்று இல்லை. அந்த மழை வாரத்து முதல்நாள் தோட்டத்து ஏற்றத்தில் ஒரே சேறு, குச்சியைத் தள்ளினது கைக்கு ஞாபகம் இருக்கிறது. எடுத்தது ஞாபகம் இல்லை. எவ்வளவு துருவியும் இல்லை. அன்றைக்கு மெட்டில் ஒரு லாரிக்காரன் ஒதுங்காமல் வந்து, அவனோடு மல்லுக்கு நின்று, அந்தக் கோபத்தோடு இறங்கினான். அடுத்தநாள் ஏறினான், இறங்கினான். நாலு நாள். கத்துக்குட்டி செய்கிற தப்பு. கற்றுக்கொள்ள வருகிறவன் முதல் வாரத்தில் செய்தால் பின்மண்டையில் தட்டுவார்களே, அந்தத் தப்பு. அப்புறம் இன்னொன்று எழுந்து வந்தது, வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்தது. காய்ச்சல் விட்டு மாப்பிள்ளை வண்டியில் ஏறிய காலை. முகம் சுண்டிப்போய், மப்ளரைச் சுற்றிக்கொண்டு. பக்கத்துச் சீட்டில் இவன். வனராஜின் கை சின்னக் குச்சியின் மேல் போய் நின்றது. திரும்பி இவனைப் பார்த்தான், பின்னால் பெண்களைப் பார்த்தான். குச்சியைச் சத்தமில்லாமல் பின்னால் எடுத்தான், சாவியைத் திருப்பினான். மூன்று நாள் கழித்து, "மாமா, ஒருநாள் வண்டியை நிப்பாட்டி அடியில பாக்கணும்" என்றான். "ஏலக்காய் எடுக்கிற நேரத்துல நிப்பாட்டச் சொல்றியளே" என்று இவன்தான் விரட்டினான். அது வேற, மாமா. சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை. நீங்கதான் மாமா குச்சியை எடுக்காம ஓட்டிட்டீங்க. பதினாறு பெண்களும் கேட்டிருப்பார்கள். ஒச்சம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள், முப்பது வருஷ டிரைவர் என்று. அதற்குத்தான் வாயை மூடிக்கொண்டான். டா என்று வாங்கிக்கொண்டு, சாவியைப் பறிகொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். சென்றாயனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டு என் மானத்தைக் காப்பாற்றினாய்? எவன் கேட்டான் உன்னை?

"வாங்க தம்பி" என்றது பவுன்தாயின் குரல். ஐந்து நாளில் அவள் பேசி அவன் கேட்ட முதல் வார்த்தை. தெருவிலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் வந்து, வாசலுக்குள் ஏறாமல் நின்றன. "உக்காரலை அத்தை. பஸ்ஸு வந்துரும்." சென்றாயன் மூச்சை அடக்கிக்கொண்டான். இடது கைப்பக்கம் வெள்ளை பேசின். வலது கைப்பக்கம் கறுத்த டின். வெளியே நிற்கிறவர்களுக்கு இரண்டும் தெரியாது. டின்னைத் தூக்கிப் பேசினில் கவிழ்த்தால் போதும். ஒரே கவிழ்ப்பு. நீலப்பூ மறையும், மூன்றும் ஒன்றாகும், பார் மகளே உன் புருஷன் ஊற்றிய ஆயிலை என்று காலால் வெளியே தள்ளலாம். வனராஜுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்லமாட்டான். அதுதான் அன்றைக்கே பார்த்தாயிற்றே, அவன் சொல்லமாட்டான். சென்றாயனின் கை டின்னின் விளிம்பைப் பிடித்தது. டின்னும் தூக்கும்படியான கனம்தான். "மாமா" என்று அந்தச் செருப்புக் கால்களுக்கு மேலிருந்து குரல் வந்தது, "மேல் நட்டை மொதல்ல கழட்டினீங்கள்ல?" அந்த ஒரு கேள்வியில் கை விட்டுப்போனது. போகிறபோதும் வண்டி. சனியனே, போகிறபோதும் வண்டியைக் கேட்கிறாயே. அவன் பேசினை இரண்டு கையாலும் வெயிலுக்குத் தள்ளினான். பிறகு டின்னை. இரண்டும் கால்களுக்கு முன்னால் போய் நின்றன.

"இது நீங்க ஊத்துனது மாப்ளே" என்றான் உள்ளிருந்தே. "அந்தக் கருப்பு நான் ஓட்டுனது. குச்சியை எடுக்காம."

முறம் நின்றுவிட்டது. மெட்டிக் கால்கள் பக்கத்தில் வந்தன, நாகஜோதி குனிந்து பேசினைப் பார்த்திருக்க வேண்டும், பச்சைப் பையின் வார் தரையில் தட்டியது. நிமிர்ந்து அவள் பேசியபோது கத்தவில்லை. "டீக்கடை முக்குல வச்சுத் திட்டினீங்க. ஊரே கேட்டுச்சு. இப்ப ஜீப்புக்கடியில படுத்துக்கிட்டு, எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் கேக்கிற மாதிரி சொல்றீங்க." "விடு ஜோதி" என்றான் வனராஜ். "நீங்க விடுங்க. எனக்கு விட முடியாது." நாலு கால்களும் தெருப்பக்கம் திரும்பி நடந்தன.

சென்றாயன் வெளியே வந்த வேகத்தில் நெற்றி சட்டத்தில் இடித்தது. சட்டை இல்லை, பனியன் முழுக்க ஆயில், தலைமயிரில் மண். ஜீப்பை எடுக்க முடியாது, மூன்றிலும் ஒரு சொட்டுக் கிடையாது. வெள்ளை பேசினைத் தூக்கிக்கொண்டான். டின்னின் கம்பியை முழங்கையில் மாட்டிக்கொண்டான். பவுன்தாய் எழுந்து ஒதுங்கி வழிவிட்டாள். தெருவில் ஓட முடியவில்லை, ஓடினால் தளும்பியது, நடந்தால் பஸ் போய்விடும், ஆக ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் வயிற்றோடு பேசினை அணைத்துக்கொண்டு போனான், விலாவில் அந்தக் கல் இன்னும் குத்திக்கொண்டிருப்பதுபோல இருந்தது. முக்கில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒச்சம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வனராஜும் நாகஜோதியும் புளியமரத்தடியில் நின்றார்கள். "என்ன சென்றாயா, ஆயிலை எடுத்துக்கிட்டு ஊர்வலமா?" என்றார் கருப்பையா, வடிகட்டியும் கையுமாக.

அவன் பேசினைப் பெஞ்சில், ஒச்சம்மாவின் தொடைக்குப் பக்கத்தில், இறக்கி வைத்தான். பேசத் தொடங்கியபோது வந்தது செவ்வாய்க்கிழமைக் குரல்தான், அதே உறுமல், அதே எச்சில் தெறிப்பு, அவனிடம் வேறு குரல் இல்லை. "பாருங்க எல்லாரும்! நல்லாப் பாருங்க! இது என் மாப்பிள்ளை ஊத்துன ஆயிலு. அடியில பூ தெரியுதா? தெரியுதா ஒச்சம்மா? இந்த டின்னுல இருக்கிறது நான் தீச்சது. நாலு நாளு குச்சியை எடுக்காம தார் ரோட்டுல ஓட்டினேன், உங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு. அவரு பொய் சொல்லலை. நான்தான் தப்பாச் சொல்லி, சாவியைப் பிடுங்கினேன். அவரை டான்னு சொன்ன வாயி இதுதான்." ஒச்சம்மா பேசினை எட்டிப் பார்த்தாள், டின்னை எட்டிப் பார்த்தாள். "தார் ரோட்டுலயா?" என்றாள். "நாலு நாளுமா?" பக்கத்திலிருந்தவள் சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கருப்பையாவும். சென்றாயன் அசையாமல் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் எரிந்தது. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. நாலு மணி பஸ் மெட்டிலிருந்து இறங்கி வந்து, முக்கில் வேகத்தைக் குறைத்து, புளியமரத்தடியில் யாரும் கை காட்டாததால் தேனிப் பக்கம் போய்விட்டது.

வனராஜ் பையைக் கீழே வைத்தான். சிரிக்கவும் இல்லை, மாமாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "நட்டையெல்லாம் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களா மாமா?" என்றான். "மண்ணு போயிரும்ல உள்ள."